பாலியல் வன்முறைக்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை: கூடப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இது பாதிக்கப்பட்ட பெண்ணைவிட அவள் கூடப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. அம்மா, அக்கா, மதினி, பக்கத்து வீட்டு ஆச்சி, மகளிர் குழுத் தலைவி, பீடிக்கடைக்குச் சேர்ந்து போய் வருகிற தோழி, யாராவது ஒருத்தர்தான் அந்த நேரத்தில் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றுவார். டாக்டருக்குத் தன் வேலை தெரியும், போலீசுக்கும் ஒரு நடைமுறை இருக்கிறது, கூடப் போகிறவருக்குத்தான் எதைக் கேட்கலாம், எதை மறுக்கலாம் என்று எதுவும் தெரியாது. அவர் ஓரளவு தெரிந்துகொண்டு போனாலே பாதிப் பிரச்சினை வராது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததா இல்லையா என்று டாக்டர் தீர்ப்புச் சொல்கிற இடம் இல்லை இது. வைத்தியம் பார்ப்பதுதான் முதல் வேலை. அப்புறம் பார்த்ததை எழுதி வைப்பதும், கிடைத்த தடயத்தைக் கெடாமல் எடுத்து சீல் வைப்பதும். முடிவு சொல்வது கோர்ட். இது புரியாமல்தான் பல வீடுகளில் "டாக்டர் என்ன சொன்னார், என்ன சொன்னார்" என்று வாசலிலேயே நின்று கேட்கிறார்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

"ஏட்டி, முதல்ல போய்க் குளிச்சிட்டு வா." பெரும்பாலும் வீட்டில் வருகிற முதல் பேச்சு இதுதான், பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அந்த ஒரு வாளித் தண்ணீரில் நிறையப் போய்விடும். குளிக்க வேண்டாம், கீழே கழுவ வேண்டாம், உடை மாற்ற வேண்டாம், தலை சீவ வேண்டாம், நகம் வெட்ட வேண்டாம். வாய் வழியாக ஏதும் நடந்திருந்தால் பல் தேய்க்கவும் தண்ணீர் குடிக்கவும் கொஞ்சம் பொறுக்கலாம், ஆஸ்பத்திரியில் முதலில் வாயிலிருந்து மாதிரி எடுக்கச் சொல்லிவிட்டு உடனே குடிக்கக் கொடுக்கலாம். சிறுநீரை அடக்கி வைக்கச் சொல்லாதீர்கள், அது கொடுமை. போய்விட்டுத் துடைக்காமல் வரட்டும். எதையோ குடிக்கக் கொடுத்து மயக்கினார்கள் என்ற சந்தேகம் இருந்தால் அந்த முதல் சிறுநீரைச் சுத்தமான மூடி போட்ட பாட்டிலில் பிடித்து எடுத்துக்கொண்டு போங்கள், மருந்து இருந்ததா என்று பார்க்க அது உதவும். நாப்கின் வைத்திருந்தால் அதையும் எறிய வேண்டாம்.

ஏற்கெனவே குளித்தாகிவிட்டது, துணியையும் துவைத்தாகிவிட்டது என்றால்? அப்போதும் போங்கள். காயம் குளித்தால் போகாது, மருந்துத் தேவை குளித்தால் தீராது, துவைத்த துணியிலும் சில நேரம் கறை மிஞ்சும். "இனிமே போய் என்ன பிரயோசனம்" என்று வீட்டோடு முடங்குவதுதான் பெரிய இழப்பு.

துணி மாற்றியிருந்தால் பழையதை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். காக்கிக் கவர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சுத்தமான வெள்ளைத் தாளில் மடித்துக் கட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே கேரிபேக்கில் திணித்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவருவதுதான் வழக்கம், அது சரியில்லை. பிளாஸ்டிக்குக்குள் ஈரம் தங்கும், அதில் கிருமி வளர்ந்து டிஎன்ஏ சிதைந்துவிடும், நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம். கறையின் மேல் மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செல்போனில் உள்ள மெசேஜ், கால் பதிவு எதையும் அழிக்க வேண்டாம். மாற்று உடை ஒரு செட் கையோடு கொண்டு போங்கள், போட்டிருக்கிற உடையை ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இதை மறந்து போய் வார்டில் யாரிடமோ நைட்டி கடன் வாங்குகிற நிலை வேண்டாம்.

ரத்தப்போக்கு, மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் மேலே சொன்னது எதையும் யோசிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், உயிர்தான் முதல்.

எத்தனை மணி நேரம் இருக்கிறது

எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்பது பொது விதி. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 96 மணி நேரத்துக்குள், அதாவது நாலு நாளுக்குள், வந்தால் மாதிரிகள் எல்லாம் எடுக்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் கிடைக்கிற வாய்ப்பு வெகுவாகக் குறையும். மருந்துக்கும் கெடு இருக்கிறது. எச்ஐவி தொற்றைத் தடுக்கிற மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும், முதல் சில மணி நேரத்தில் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். கருத்தடை அவசர மாத்திரை 72 மணிக்குள் நன்றாக வேலை செய்யும், ஐந்து நாள் வரை கொடுப்பதுண்டு.

கெடு தாண்டிய பிறகும் பரிசோதனை உண்டு. காயத்தைப் பார்ப்பார்கள், கர்ப்பம் பார்ப்பார்கள், மனநிலையைப் பதிவார்கள். ஆனால் நம் பக்கத்தில் நாள் எப்படிப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். "கோயில் கொடை முடியட்டும், ஊர் கூடியிருக்கு, அப்புறம் பேசிக்கலாம்" என்று ஒரு நாள், பெரிய மனுசர்கள் கூடிப் பேச ஒரு நாள், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாதே என்று ஒரு நாள். இந்தக் குற்றத்தைப் பஞ்சாயத்தில் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. பேச்சு வார்த்தை நடத்துகிறவர்களுக்கு அவசரம் இருக்காது, எச்ஐவி மருந்துக்கு இருக்கிறது.

எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் சீட்டோடு

யார் சீட்டும் வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி நினைவிருந்தால் போதும் என்றால் அது இதுதான்: போலீஸ் எழுதித் தருகிற மெமோ இல்லாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அரசு, தனியார், எந்த ஆஸ்பத்திரியானாலும் உடனே இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தந்தாக வேண்டும், போலீசுக்குத் தகவல் சொல்லவும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎன்எஸ்எஸ், அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397-வது பிரிவு இது. சிகிச்சை தர மறுத்தால் பிஎன்எஸ், அதாவது புதிய தண்டனைச் சட்டத்தின் 200-வது பிரிவுப்படி பொறுப்பில் உள்ளவருக்கு ஒரு வருடம் வரை சிறை உண்டு. கேஷுவாலிட்டியில் "ஸ்டேஷன்ல மெமோ வாங்கிட்டு வாங்கம்மா" என்றால் சண்டை போட வேண்டாம், "சார், 397-ல உடனே சிகிச்சை தரணும்னு இருக்கே, டூட்டி டாக்டரைப் பாத்துக்கிடுதோம்" என்று அமைதியாகச் சொல்லிப் பாருங்கள். பிரிவு எண்ணைச் சொன்னால் பேச்சு மாறும்.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரம் என்றால் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, அதாவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் எல்லோருக்கும் தெரிந்தது. மகப்பேறு டாக்டர்கள், தடயவியல் மருத்துவத் துறை, எச்ஐவி மருந்துக்கான ஏஆர்டி மையம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி. ஆனால் அம்பாசமுத்திரம், வள்ளியூர், தென்காசிப் பக்கத்துக்காரர்கள் ராத்திரியில் பஸ் தேடி அலைய வேண்டியதில்லை, அருகில் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கே போகலாம். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் அவர்களே ஆம்புலன்சில் அனுப்புவார்கள். அனுப்பும் முன் முதலுதவி கொடுத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கே போவது என்றே புரியவில்லை என்றால் 181, பெண்கள் உதவி எண். குழந்தை என்றால் 1098. இரண்டும் இலவசம். ஒருங்கிணைந்த சேவை மையம் என்று ஒன்று மாவட்டத்துக்கு உண்டு, சகி மையம் என்பார்கள், 181 வழியாக அவர்களைப் பிடிக்கலாம், ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் கூட வருவார்கள். என்னைக் கேட்டால் வேன் பிடித்துச் சொந்தபந்தமெல்லாம் போவதைவிட, பிள்ளைக்குப் பிடித்த ஒருவரும் சகி மையத்து ஆள் ஒருவரும் போதும். கேஷுவாலிட்டி வாசலில் கூட்டம் நின்றால் வார்டே எட்டிப் பார்க்கும்.

போலீஸ் பக்கம்

ஆஸ்பத்திரியில் ஏஆர் போடுவார்கள், விபத்துப் பதிவேடு. அதில் என்ன நடந்தது என்று ஒன்றிரண்டு வரி எழுதுவார்கள். அந்த இரண்டு வரியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "கீழே விழுந்ததாக" என்று யாராவது பதற்றத்தில் சொல்லி அது அப்படியே பதிவானால் பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுப்பார். தகவல் ஆஸ்பத்திரியில் உள்ள போலீஸ் அவுட்போஸ்ட் வழியாக ஸ்டேஷனுக்குப் போகும்.

சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் எஃப்ஐஆர் போடலாம், "இது எங்க எல்லை இல்ல" என்ற பதில் செல்லாது. புகார் வந்தது என்று மட்டும் சொல்கிற சிஎஸ்ஆர் ரசீதோடு திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், இந்தக் குற்றத்துக்கு எஃப்ஐஆர்தான், காப்பியும் இலவசம். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 184 சொல்கிறது.

வழக்கே வேண்டாம், வைத்தியம் மட்டும் போதும் என்று வயது வந்த பெண் சொன்னால்? ஆஸ்பத்திரி தகவல் சொல்லியே ஆகும், அது அவர்கள் கடமை. ஆனால் வழக்கில் இறங்க இப்போது விருப்பமில்லை என்பதை எழுதி வாங்கிக்கொள்வார்கள், வைத்தியம் அதனால் நிற்காது. மாதிரிகளை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது என்பேன், மனம் பின்னால் மாறலாம், தடயம் மறுபடி வராது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் இந்தத் தேர்வு இல்லை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாரானாலும் தெரிவித்தே ஆக வேண்டும்.

சம்மதம்

எதையும் தொடும் முன் டாக்டர் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். உடல் பரிசோதனைக்குச் சம்மதமா, மாதிரி எடுக்கச் சம்மதமா என்று தனித்தனியாகக் கேட்பார்கள். ஒன்றுக்குச் சரி, இன்னொன்றுக்கு வேண்டாம் என்று சொல்லலாம். நடுவில் "போதும், நிறுத்துங்க" என்றும் சொல்லலாம். 2014 வழிகாட்டுதல்படி 12 வயது நிறைந்தவர் தானே சம்மதம் தரலாம், அதற்குக் கீழே என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ. அம்மா முந்திக்கொண்டு "எல்லாம் எடுங்க டாக்டர்" என்று சொல்வது புரிகிறது, ஆனால் கேள்வி பிள்ளைக்கு, பதிலும் அவள்தான் சொல்லட்டும்.

அறைக்குள்

போலீஸ் யாரும் உள்ளே இருக்கக்கூடாது, பெண் போலீசும் கூட. பெண் டாக்டர் இருந்தால் அவரே பார்ப்பார், வயது வந்த பெண்ணுக்கு ஆண் டாக்டர் பார்க்க நேர்ந்தால் பெண் உதவியாளர் கூட இருக்க வேண்டும். பெண் குழந்தை என்றால் பெண் டாக்டர்தான், போக்சோ 27-வது பிரிவு. கூடவே பெற்றோரோ குழந்தை நம்புகிற வேறு யாராவதோ இருக்கலாம். நம்புகிற யாராவது என்று சட்டம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, குற்றம் செய்தவன் சித்தப்பாவாகவோ மாமாவாகவோ இருக்கும்போது வீட்டு ஆட்கள் எல்லோரும் குழந்தைக்குத் துணை ஆக மாட்டார்கள்.

முதலில் என்ன நடந்தது என்று கேட்பார்கள். எப்போது, எங்கே, எத்தனை பேர், ஆணுறை போட்டிருந்தானா, அதற்குப் பிறகு குளித்தாளா, மாதவிலக்கு எப்போது. கேட்பதற்குக் கூசும், ஆனால் எந்த இடத்தில் மாதிரி எடுப்பது என்பது இந்தப் பதிலை வைத்துத்தான். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லட்டும். நீங்கள் இடையில் நிரப்பிச் சொல்லாதீர்கள்.

அப்புறம் ஒரு பெரிய வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து அதன் மேல் நின்று உடையைக் கழற்றச் சொல்வார்கள். மண், முடி, புல் எது உதிர்ந்தாலும் தாளில் விழும், அதையும் மடித்து உறையில் போடுவார்கள். எங்கோ ஒரு ஓடைக்கரையிலோ தோட்டத்திலோ நடந்திருந்தால் ஒட்டியிருக்கிற மண்ணே பேசும். தலைமுதல் கால்வரை காயம் பார்த்து, அளந்து, நிறம் குறித்து, உடல் வரைபடத்தில் எங்கே என்று குறிப்பார்கள். கன்றிப்போன தடம் சில சமயம் ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் தெளிவாகத் தெரியும், அப்படி வந்தால் திரும்பப் போய்க் காட்டி அதையும் பதியச் சொல்லுங்கள். இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

மாதிரிகள்: நகத்தடி அழுக்கு, சீவி எடுத்த முடி, ரத்தம், சிறுநீர், தேவையான இடங்களிலிருந்து பஞ்சுக் குச்சியில் தொட்டு எடுப்பவை. ஈரமான பஞ்சுக் குச்சியை நிழலில் காற்றாட உலர்த்தித்தான் உறையில் போட வேண்டும். மாதவிலக்காக இருந்தாலும் பரிசோதனை நடக்கும், நாலு நாள் கழித்து வா என்று அனுப்பக்கூடாது. மாதிரி எடுக்கும் முன் மருந்து போட்டுக் கழுவக்கூடாது, காயத்துக்கு உடனே மருந்து தேவைப்படுகிற நிலை தவிர.

செய்யவே கூடாதது ஒன்று: இரு விரல் சோதனை, அதாவது பெண்ணுறுப்பில் விரலை விட்டு ஏற்கெனவே உறவுக்குப் பழகியவளா என்று பார்ப்பது. 2013-லேயே உச்ச நீதிமன்றம் இது அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்று சொல்லிவிட்டது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை, தமிழக அரசு இதை உடனே தடை செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே வருடம் அக்டோபர் 31-ல் உச்ச நீதிமன்றம், இதைச் செய்கிறவர் தவறான நடத்தைக்குக் குற்றவாளி என்றே சொன்னது. அப்புறமும் ரிப்போர்ட்டில் "பழக்கப்பட்டவர்" என்ற மாதிரி வரி வந்தால் விடாதீர்கள், ஆஸ்பத்திரித் தலைமைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முன்பு யாரோடு பழகினாள் என்பது சம்மதத்தை நிரூபிக்க உதவாது என்று சாட்சியச் சட்டமே சொல்கிறது. கன்னித்திரை கிழிந்ததா இல்லையா என்பதை வைத்தும் எதையும் முடிவு கட்ட முடியாது.

மருந்து வாங்காமல் வெளியே வராதீர்கள்

சீல் வைப்பதும் கையெழுத்துப் போடுவதுமாக நேரம் போகிற பரபரப்பில் விட்டுப்போவது இதுதான். கர்ப்பப் பரிசோதனை செய்து அவசரக் கருத்தடை மாத்திரை, அதாவது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், கேளுங்கள். வெளியே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், தமிழ்நாட்டில் பல கடைகளில் இதை வைப்பதே இல்லை. எச்ஐவி தடுப்பு மருந்து 28 நாள், ஒரு நாளும் விடக்கூடாது, குமட்டல் வந்தால் டாக்டரிடம் சொல்லலாம், நிறுத்தக்கூடாது. பால்வினைத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக், மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, காயம் இருந்தால் டிடி. எச்ஐவி ரத்தப் பரிசோதனை அன்றைக்கும், ஆறு வாரத்திலும், மூன்று மாதத்திலும்.

கர்ப்பமாகிவிட்டால் 24 வாரம் வரை கலைக்கச் சட்டம் அனுமதிக்கிறது, 2021 திருத்தத்துக்குப் பிறகு. 20 வாரம் வரை ஒரு டாக்டர் போதும். கலைக்கும்போது எடுக்கிற திசு டிஎன்ஏ சோதனைக்கு வேண்டும், போலீசுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தடயம் குப்பைக்குப் போகும்.

தூக்கம் வராமல், சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் மனநல டாக்டர் அதே ஆஸ்பத்திரியில் உண்டு. ராத்திரியில் 14416, அரசின் டெலி மானஸ் எண். "பேய் பிடிச்சிருக்கு" என்று கொண்டு போய் மந்திரிக்காதீர்கள்.

சீலும் ரிப்போர்ட்டும்

ஒவ்வொரு உறையிலும் பெயர், எண், என்ன மாதிரி, தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து இருக்க வேண்டும், அரக்கு சீல் வைத்துப் போலீசிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பார்கள். டாக்டர் கையிலிருந்து போலீஸ், அங்கிருந்து கோர்ட், அங்கிருந்து தடய அறிவியல் ஆய்வகம் என்று கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் பதிவு வேண்டும். வட்டார ஆய்வகம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. நடுவில் ஒரு கையெழுத்து விடுபட்டால் நல்ல தடயமும் கோர்ட்டில் கேள்விக்குள்ளாகும். நீங்கள் செய்யக்கூடியது, எத்தனை உறை, எந்தத் தேதியில், யாரிடம் கொடுத்தார்கள் என்று உங்கள் நோட்டில் குறித்து வைப்பது.

ரிப்போர்ட் ஏழு நாளுக்குள் விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், முடிவுக்கான காரணம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆய்வக முடிவு வந்த பிறகு இறுதிக் கருத்து தனியாக வரும். காப்பி ஒன்று பாதிக்கப்பட்டவருக்கு இலவசம்.

காயம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தால் வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிடும். பதற வேண்டாம். பயத்தில் உறைந்து போகிறவர்கள், மிரட்டலுக்குப் பணிந்தவர்கள், மயக்க மருந்து கொடுக்கப்பட்டவர்கள் பலருக்குக் காயமே இருக்காது. எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதித்தாள் என்று ஆகாது, பிஎன்எஸ் 63-வது பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. விந்து கிடைக்கவில்லை என்பதும் அப்படித்தான். ஆணுறை, குளியல், தாமதம் என்று ஆயிரம் காரணம் உண்டு. நல்ல டாக்டர் அந்தக் காரணங்களையும் ரிப்போர்ட்டில் எழுதுவார்.

பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் என்றால்

எஃப்ஐஆரிலேயே சாதி பதிவாக வேண்டும், குற்றவாளி பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லாதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேரும், விசாரிப்பவர் டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரி. நம் மாவட்டத்தில் இதை விட்டுவிட்டு எழுதத்தான் அதிக அழுத்தம் வரும். மருத்துவ அறிக்கைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு: 2016-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி வல்லுறவுக்கான நிவாரணம் 5 லட்சம், அதில் பாதி மருத்துவப் பரிசோதனையும் உறுதி செய்யும் அறிக்கையும் வந்தவுடனே கிடைக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். மற்றவர்களுக்கும் இழப்பீடு உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக, இலவச வக்கீலும் அங்கேயே. எண் 15100.

ஃபைல்

எஃப்ஐஆர் காப்பி, ஏஆர் காப்பி, சம்மதப் படிவம், பரிசோதனை அறிக்கை, மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவுகள், அடுத்து வரச் சொன்ன தேதிகள். எல்லாம் ஒரே ஃபைலில், ஒருத்தர் கையில். எதையும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், சித்தி மகன் விவரமானவன் என்றாலும் அனுப்பாதீர்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பிஎன்எஸ் 72-வது பிரிவில் குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. வக்கீலுக்குக் காப்பி வேண்டுமென்றால் நேரில் கொண்டு போய்க் கொடுங்கள், ஜெராக்ஸ் கடையில் எடுக்கும்போது பக்கத்திலேயே நின்று, கசங்கிய தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.